சங்கு ஊத மூன்று பிரதி மனு

சாந்தா ருஃபினா என்ற எங்கள் கடலோர ஊரில் ஒன்றுமே நடப்பதில்லை என்பதை மாகாணச் சுற்றுலா அலுவலகம் கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நாங்கள் அங்கே குடியிருந்து வந்தோம். ஆனால் அந்த விஷயம் எங்களுக்குத் தெரியாது. மீன் பிடித்தோம், கருவாடு காயப்போட்டோம், கல்யாணம் செய்தோம், கல்யாணத்தில் சண்டை போட்டோம், முறைப்படி செத்தும் போனோம். இதையெல்லாம் ஏதோ நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். படிப்பறிவு போதாது, வேறென்ன.

எங்கள் அறியாமையைப் போக்கியவர் யோஸ்ட் என்ற டச்சுக்காரர். ஒரு நாள் பகலில் ஜீப்னி என்ற எங்கள் பக்கத்துச் சிற்றுந்தின் கூரையிலிருந்து பெரிய முதுகுப்பை ஒன்று இறங்கியது. பை தானாகவே இறங்கி நடக்கிறது என்று கரையில் இருந்தவர்கள் கொஞ்சம் பின்வாங்கினார்கள். கிட்டே வந்தபோதுதான் பைக்கு அடியில் இரண்டு சிவந்த கால்கள் தெரிந்தன. பை நேராகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்குப் போய் பெர்ப்பெத்துவாவின் வீட்டு வாசலில் நின்றது.

பெர்ப்பெத்துவாவை ஊரே மனாங் பெர்ப்பிங் என்று கூப்பிடும். மனாங் என்றால் எங்கள் பக்கம் அக்கா. அவள் புருஷன் தியோஃபிலோ படகுக்காரன். வீட்டை ஒட்டி மூங்கில் குடிசை ஒன்று போட்டு, வருகிற போகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு வந்தாள்.

"என்ன தம்பி, வழி தவறிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல மனாங். உலகத்தையே விட்டுட்டு வந்திருக்கேன்."

அவள் அவருடைய பையை ஒரு தடவை பார்த்தாள். "பார்த்தா விட்டுட்டு வந்த மாதிரி தெரியலையே. சரி, சாப்பிட்டியா?"

சாப்பிட்டார். போனை அணைத்துவிட்டதாகவும், இனிமேல் தொடப்போவதில்லை என்றும் சொன்னார். பிறகு சார்ஜ் போட இடம் எங்கே என்று கேட்டார்.

"அணைச்சு வச்ச போனுக்கு எதுக்குப்பா சார்ஜு?"

"அணைச்சு வச்சிருக்கேன்னு எல்லாருக்கும் சொல்லணுமே மனாங்."

ஒரு ராத்திரி தங்க வந்தவர் மாதக்கணக்கில் தங்கிவிட்டார். நான்காம் நாள் அவர் உலகத்துக்கு இப்படி எழுதினார்: "இங்கே ஒன்றுமே நடப்பதில்லை. பூரண அமைதி. தயவுசெய்து இந்த ஊரைப் பற்றி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்." இந்த ரகசியத்தை அவர் நாற்பதாயிரம் பேரிடம் மட்டும்தான் சொன்னார். அதில் ஒருவர் சுற்றுலா அலுவலகத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தா.

கிராமத் தலைவரை எங்கள் நாட்டில் கேப்டன் என்று சொல்வது வழக்கம். கப்பல் எதுவும் கிடையாது. எங்கள் கேப்டன் க்ரிசாந்தோவுக்கு மாகாணத்திலிருந்து கடிதம் வந்த அன்றே ஊர் முகப்பில் பிளக்ஸ் ஏறிவிட்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு அவர் முகம். கீழே, "ஒன்றும் நடக்காத ஊர் என்ற பெருமையை அயராத உழைப்பால் ஈட்டித் தந்த மாண்புமிகு கேப்டனுக்கு நன்றி." நன்றி சொன்னவர்களின் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

அடுத்த வாரம் மாகாணச் சுற்றுலா அலுவலகத்திலிருந்து மேடம் ஹொனோராட்டா வந்து இறங்கினார். கையில் சத்தத்தை அளக்கிற மீட்டர். கூடைப்பந்துத் திடலில் ஊர்க்கூட்டம்.

"உங்க ஊரை முதல் தர அமைதிக் கடற்கரைன்னு அறிவிக்க அலுவலகம் தயாரா இருக்கு," என்றார் மேடம். "ஆனா ஒரு சின்னக் குறை. இங்க சத்தம் இருக்கு."

"என்ன சத்தம் மேடம்?" என்று கேப்டன் பதறினார்.

"ஜனங்க."

குறை நிவர்த்தி செய்யப்பட்டது. "அமைதிப் பராமரிப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள்" என்ற பதினொரு பக்க ஆவணம் ஒரே கைதூக்கலில் நிறைவேறியது. கை தூக்காதவர்களின் பெயரை எழுதிக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மனாங் பெர்ப்பிங்கும் தூக்கினாள், தியோஃபிலோவும் தூக்கினான். குடிசைக்கு ஆள் வருமென்றால் கை தூக்குவதற்கு என்ன வலி?

விதிகளின்படி சேவல்கள் காலை ஒன்பது மணி வரை போர்வை மூடிய கூண்டில் இருக்க வேண்டும். பொழுது விடிந்த செய்தி அதற்கு முன் அவற்றுக்குப் போய்ச் சேரக் கூடாது. கேப்டனுடைய பதினான்கு சண்டைச் சேவல்களுக்கு இது பொருந்தாது. அவை போடுவது சத்தமல்ல, பயிற்சி. ரொட்டிக்காரர் இனி சைக்கிள் ஹார்ன் அடிக்காமல் சிவப்புக் கொடி பிடித்து வர வேண்டும். ரொட்டி வேண்டியவர்கள் விடியற்காலை நாலு மணியிலிருந்து ஜன்னலில் நின்று கொடிக்காகக் காத்திருந்தோம்.

பாடினால் மதிப்பெண் போடுகிற வீடியோகே பெட்டியை மட்டும் எங்களிடமிருந்து பிடுங்க அரசாங்கத்துக்கே தைரியம் வரவில்லை. பாட்டில்லாமல் எங்கள் ஜனங்கள் கருமாதி கூடச் செய்ய மாட்டார்கள். ஆகவே பாடலாம், ஆனால் ஒலியில்லாமல் பாட வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. சாயங்காலங்களில் கடைக்கு முன்னால் கூடி, செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நரம்பு புடைக்க வாயசைத்தோம். பெட்டி வழக்கம்போல மதிப்பெண் போட்டது. ஊரிலேயே சகிக்க முடியாத குரல் என்று பெயரெடுத்த தபால்காரருக்குத் தொண்ணூற்றெட்டு கிடைத்தது. விதிகளுக்கு அன்றிலிருந்து அவர்தான் தீவிர ஆதரவாளர்.

அப்புறம் சங்கு.

எங்கள் படகுகள் பவளப்பாறையைத் தாண்டித்தான் வலை போடும். தென்மேற்குக் காற்று கிளம்பினால் கால் மணி நேரத்தில் மழை திரைபோல இறங்கி, கரை இருந்த இடமே தெரியாமல் போகும். அப்போது முனையில் இருப்பவர்கள் சங்கை எடுத்து விடாமல் ஊத வேண்டும். கடலில் இருப்பவன் சத்தம் வரும் பக்கமாகப் படகைத் திருப்புவான். பாறைக்கு நடுவே ஒரே ஒரு வழிதான். கொஞ்சம் தப்பினால் படகு சிராய்த்தூள். முனையில் ஒரு விளக்கு வைப்பதாகக் கேப்டன் மூன்று தேர்தலாக வாக்களித்து வருகிறார். கம்பம் வந்துவிட்டது. விளக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஊரில் இருந்த ஐந்து சங்குகளையும் ரசீது கொடுத்து வாங்கி, கிராம அலுவலக இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மனாங் பெர்ப்பிங் கேட்டாள்.

"கேப்டன், காத்து கெளம்பினா நான் எதை ஊதறது?"

"ஊதலாமே மனாங். யாரு வேண்டாம்னா? தற்காலிகச் சத்தத்துக்கு மனு இருக்கு. மூணு பிரதி. சத்தம் போடறதுக்கு மூணு வேலை நாளுக்கு முன்னாடி கொடுத்துடணும்."

"காத்து எனக்கு மூணு நாள் முன்னாடி சொல்லிட்டு வராதே."

"அது காத்தோட ஒழுங்கீனம். அதுக்கு அலுவலகம் என்ன பண்ணும்?"

இதற்குள் அமைதியைத் தேடி உலகம் வர ஆரம்பித்தது. முதலில் ஏழு முதுகுப்பை. பிறகு ஒரு ஜீப்னி நிறைய. மாதக் கடைசியில் கடற்கரையில் நண்டுகளுக்கு நடக்க இடமில்லை. வந்தவர்கள் எல்லோருமே இந்த ஊரை முதலில் கண்டுபிடித்தவர்கள். அமைதியாக இருப்பது எப்படி என்று எங்கள் கரையில் வகுப்பு நடத்தினார்கள். வகுப்பு தொடங்க ஒரு வெண்கலத் தாம்பாளத்தை அடித்தார்கள், முடியவும் அடித்தார்கள். நடுவில் அமைதி வந்துவிட்டதா என்று பார்க்கவும் அடித்தார்கள். சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து மத்தளம் தட்டினார்கள். "விருந்தினர் சத்தம் அமைதியின் பகுதியாகவே கருதப்படும்" என்று ஆறாம் விதி சொன்னது. மேடத்தின் மீட்டரும் அதை மதித்து நடந்துகொண்டது, அந்தப் பக்கம் போகும்போது அவர் அதை அணைத்துவிடுவார்.

யோஸ்டுக்கு மட்டும் மனசு சரியில்லை. "ஊர் கெட்டுப்போச்சு மனாங். எல்லாரும் வந்துட்டாங்க."

"நீதானப்பா கூப்பிட்டே."

"வராதீங்கன்னுதான் எழுதினேன்."

"எங்க ஊர்ல கூட விருந்துக்கு அப்படித்தான் கூப்பிடுவோம்," என்றாள் மனாங்.

சான்றிதழ் வழங்கும் நாள் வந்தது. அன்று கடற்கரையில் எஞ்சின் சத்தம் அறவே கூடாது என்று தனி உத்தரவு. ஆனால் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. ஏழு படகுகள் எஞ்சினைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, துடுப்பு போட்டே பாறைக்கு அப்பால் போயின. படகுக்கு இரண்டு பேராகப் பதினான்கு பேர். தியோஃபிலோவும் போனான்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடைப்பந்துத் திடலில் அமைதி விழா தொடங்கியது. மாகாணத் தலைநகரிலிருந்து லாரியில் ஆறு ஒலிபெருக்கிகள் வந்திருந்தன, ஒவ்வொன்றும் குளிர்சாதனப் பெட்டி பருமன். இது விதிமீறல் ஆகாது. "அமைதியை வளர்க்கும் பொருட்டு எழுப்பப்படும் ஓசை ஓசையாகாது" என்பது ஒன்பதாம் விதி. பிரார்த்தனை, தேசிய கீதம், மாகாண கீதம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, அலுவலக ஊழியர்களின் உடற்பயிற்சி நடனம் எல்லாம் நடந்தன. கடைசியில் கேப்டனின் பத்து நிமிடச் சிறப்புரை.

மனாங் பெர்ப்பிங் நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை, தென்மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கடலும் வானமும் சேருகிற இடத்தில் ஈரச் சாம்பல் பூசியதுபோல ஒரு கோடு. அவள் பார்க்கப் பார்க்கக் கோடு தடித்தது. எழுந்து மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

"கேப்டன், அலமாரிச் சாவியைக் குடுங்க. காத்து வருது. ஏழு படகும் வெளியில இருக்கு."

கேப்டன் மேடத்தைப் பார்த்தார். மேடம் போனைப் பார்த்தார்.

"வானிலை எச்சரிக்கை ஒண்ணும் வரலையே," என்றார் மேடம்.

"மேடம், அங்க பாருங்க, வானம் கறுத்துக் கெடக்கு."

"நான் பார்க்கறேன்மா. நான் பார்த்தா எச்சரிக்கை ஆகாது. மேலேயிருந்து வரணும்."

"மேலேயிருந்துதான் வருது!"

"அக்கா, கொஞ்சம் மெதுவா," என்று மேடம் மீட்டரைக் காட்டினார். "அவசரம்னா பதினோராம் விதிப்படி மேயர் கையெழுத்தோட ஊதலாம்."

"மேயர் எங்க?"

"மணிலாவுல. அமைதி மாநாடு."

சாவி வைத்திருந்த எழுத்தர் எங்கே என்று கேட்டாள். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். மனாங் முனைக்கு ஓடினாள். ஒரு தகரத்தை எடுத்துத் தட்டினாள். காற்று அந்தச் சத்தத்தை அவள் முகத்திலேயே திருப்பி அடித்தது. அவளுக்குப் பக்கத்தில் யோஸ்ட் வந்து நின்றார்.

"கடல்ல யாரு மனாங்?"

"என் புருஷன்."

யோஸ்ட் கடலைப் பார்த்தார். முதல் முறையாக அந்த ஊரில் ஏதோ நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

மனாங் ஒரு நிமிடம் யோசித்தாள். ஒரு கத்தல் போதாது. படகுகள் வந்து சேரும்வரை, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ, மூச்சு விடாமல் சத்தம் வேண்டும். இந்த ஊரில் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் சத்தம் போடக்கூடிய, சட்டப்படி அனுமதி உள்ள பிராணி எது?

அவள் திடலுக்குத் திரும்பியபோது முகத்தைத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேப்டன், பேச்சு ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இப்பத்தான் மனாங். ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஒலிபெருக்கியெல்லாம் இந்த வெளிநாட்டுக்காரங்க பக்கம் திரும்பியிருக்கு. பாவம், அவங்களுக்கு நம்ம பாஷையும் தெரியாது, ஓட்டும் கிடையாது. ஓட்டு பதினாலும் கடல்ல இருக்கு."

கேப்டன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். பதினான்கு பேருக்கு வீட்டில் எத்தனை ஓட்டு என்று அவர் உதடு கணக்குப் போட்டது. "டேய்," என்று மைக்செட்காரனைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் கடல் பக்கம் திருப்பு. முழுச் சத்தம் வை."

ஆறு குளிர்சாதனப் பெட்டிகளும் தென்மேற்கைப் பார்த்துத் திரும்பின. "என் அன்புக்கும் பாசத்துக்கும் உரிய மக்களே!" என்றார் கேப்டன். பனையோலைகள் அதிர்ந்தன. பதினான்கு சேவல்களும் பயிற்சியை நிறுத்தின. அதே நேரத்தில் மழை இறங்கியது, கடல் காணாமல் போனது.

கேப்டன் நல்ல பேச்சாளர். மழை அவரை ஒன்றும் செய்யாது. ஆனால் பன்னிரண்டாவது நிமிடம், "இறுதியாக..." என்றார். ஒரு படகுகூட இன்னும் வரவில்லை.

"கேப்டன்!" என்று கீழேயிருந்து கத்தினாள். "பாலம்! அந்தப் பாலத்தைப் பத்திச் சொல்லவே இல்லையே!"

கேப்டன் முகம் மலர்ந்தது. பாலம் வரப்போகிறது என்றார். எப்படி வரும், எங்கே வரும், எந்த ஆற்றுக்கு மேல் வரும், ஆறு இல்லாத இடத்தில் ஆற்றையே கொண்டுவந்து பாலம் கட்டுவேன் என்றார். பதினெட்டு நிமிடம் ஓடியது. முதல் படகு மழைக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது.

மேடையின் துணிக்கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஒலிக்கருவியின் மேல் தண்ணீர் கொட்டப் பார்த்தது. யோஸ்ட் ஓடிப் போய்த் தன் முதுகுப்பையின் மழையுறையைக் கொண்டுவந்து கருவியை மூடி, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். மேடம் நிகழ்ச்சி நிரலைக் காட்டி, "பத்து நிமிஷம்தான் போட்டிருக்கு," என்றார்.

"உட்காருங்க மேடம், மீட்டர் நனைஞ்சிடும்," என்று மனாங் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "கேப்டன்! குடிதண்ணிக் குழாய்!"

குடிதண்ணீர்க் குழாய்க்கு இரண்டு படகுகள் வந்தன. மருத்துவமனைக்கு ஒன்று. மீன் பதனிடும் நிலையத்துக்கு இரண்டு. செய்து முடித்த காரியம் ஒன்றிருந்தால்கூட இரண்டே வாக்கியத்தில் தீர்ந்து போயிருக்கும். நல்ல வேளையாக அப்படி எதுவும் இல்லை. இதுவரை ஆறு. தியோஃபிலோவின் படகு மட்டும் வரவில்லை.

கேப்டனின் குரல் கம்மியது. "இறுதியாக..." என்றார் ஒன்பதாவது முறையாக. மனாங் ஓர் இளநீரை வெட்டி மேடைக்கே கொண்டுபோய் அவர் வாயில் வைத்தாள். குடித்து முடித்ததும் அவர் காதோரம் சொன்னாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

"கேப்டன், முனை விளக்கு."

கேப்டன் அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார். "விளக்கு!" என்று முழங்கினார். "முனையில் நான் வைக்கப்போகும் விளக்கு! இருட்டில் தவிக்கும் என் மீனவ மக்களே, அந்த ஒளியை நோக்கி வாருங்கள்!" இருபத்தாறு நிமிடம் பேசினார். அந்த விளக்கு எத்தனை மைலுக்குத் தெரியும், என்ன நிறம், அதைத் திறந்து வைக்க யார் வருவார்கள் என்றெல்லாம் சொன்னார். இல்லாத அந்த விளக்கை நோக்கித்தான் தியோஃபிலோ படகை ஓட்டிக்கொண்டு பாறைவழி நுழைந்து கரை தட்டினான்.

மணலில் விழுந்து கிடந்தவன் வாயில் மனாங் இஞ்சித் தண்ணீர் ஊற்றினாள். அவன் முதலில் கேட்டது, "முடிச்சுட்டாரா?"

"இல்ல. இன்னும் பேசறார்."

"ஒவ்வொரு தடவை 'இறுதியாக'ன்னு சொல்லும்போதும் உயிரே போச்சுடி. அவர் நிறுத்தறதுக்குள்ள வந்துடணும்னு துடுப்பு போட்டேன்."

அவள் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அன்றைய சத்தம் மீட்டரின் முள் எட்டக்கூடிய கடைசி எல்லையைத் தாண்டியிருந்தது. ஒன்பதாம் விதிப்படி அது சுழியம் என்று பதிவானது. ஆகவே எங்களுக்கு முதல் தரச் சான்றிதழ் கிடைத்தது. பதினான்கு உயிர்களைக் காத்தது கேப்டனின் உரையே என்று குழு ஒருமனதாகக் கண்டது. உரை இருக்கும்போது விளக்கு வீண்செலவு என்றும் பரிந்துரைத்தது. விளக்குக்கு ஒதுக்கிய நிதியில் மேலும் நான்கு ஒலிபெருக்கிகள் வந்தன.

இப்போது மேகம் கறுக்கும் நாளெல்லாம் உரை உண்டு. முதுகுப்பைக்காரர்கள் கரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, பாஷை தெரியாமல் கேட்கிறார்கள். உள்ளே ஏதோ காலியாவதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், ஆனால் நாங்கள் அதற்காக இவ்வளவு தூரம் பயணம் செய்ததில்லை. யோஸ்ட் அமைதி தேடி வேறு தீவுக்குப் போய்விட்டார். எந்தத் தீவு என்று இந்த முறை உண்மையிலேயே யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் கேப்டன் தேர்தல். பள்ளி ஆசிரியர் செவெரினோ எதிர்த்து நின்றார். நல்ல பிள்ளை. ஜெயித்தால் முப்பது நாளில் முனையில் விளக்கு எரியும் என்றார், சொந்தச் செலவில் விளக்கை வாங்கிக் கையோடு கொண்டுவந்து காட்டவும் செய்தார். மனாங் பெர்ப்பிங் வீட்டு வாசலில் படகுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தோம்.

"விளக்கு சரி தம்பி," என்றாள் மனாங். "ஜெயிச்சா என்னென்ன செய்வே?"

"பாலம், குழாய், மருத்துவமனை. ஒரு வருஷத்துல எல்லாத்தையும் முடிச்சுடுவேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் மனாங்."

படகுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தியோஃபிலோ தொண்டையைக் கனைத்தான். "அப்ப பேச என்ன மிச்சம் இருக்கும்? ஒரு மணி நேரம் தொடர்ச்சியா பேசுவியா?"

"எனக்குப் பேச்சு வராதுண்ணே. செஞ்சுதான் பழக்கம்."

"கரண்டு போனா?"

"விளக்கு அணையும். உடனே சரி பண்ணுவேன்."

"கேப்டனுக்குக் கரண்டு போனாலும் நிக்காது," என்றான் தியோஃபிலோ.

ஓட்டு எண்ணினார்கள். கேப்டன் க்ரிசாந்தோவுக்கு நானூற்றுப் பதினொன்று. செவெரினோவுக்கு ஒன்று, அது அவர் போட்டது. அவருடைய அப்பாவும் படகுக்காரர்தான்.